திருகைத் தொடாத சரக்கு

இரண்டாவது தடவையும் லாரி போன வழியே திரும்பி வந்துவிட்டது. அது சந்துக்குள் நுழைகிற சத்தத்திலேயே கைராசிக்கு விஷயம் புரிந்துவிட்டது. சரக்கை இறக்கிவிட்டு வருகிற லாரி கடகடவென்று ஆட்டம் போட்டுக்கொண்டு வரும். இது நிறைமாசக்காரி மாதிரி முனகிக்கொண்டு வந்தது. டிரைவர் இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல், "இறக்கிக்கோங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

லாரியோடு போய் வந்த அண்ணன் ஒரு காலிப் பெட்டிமேல் உட்கார்ந்தான். அட்டைப் பெட்டி அவன் பாரம் தாங்காமல் நசுங்கியது. அதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

"இன்னும் ஒரே ஒரு தடவைதான்னு கடைக்காரங்க சொல்லிட்டாங்க. இந்த வாரக் கடைசியில மூணாவது லோடு. அதுவும் திரும்பி வந்தா நமக்கும் அவங்களுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. மெஷினைக் கேட்டு ஒருத்தர் அலையா அலையிறார். அவர் தலையில கட்டிட்டு நான் எங்கேயாவது வேலைக்குப் போறேன்."

கைராசி லாரிக் கதவைத் திறந்து பெட்டிகளை இறக்க ஆரம்பித்தாள்.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட். உள்ளே ஒரே ஒரு மெஷின். துணி துவைக்கிற சோப்புத் தூள் மூட்டை மூட்டையாக வரும். ஏணியில் ஏறி அதை மேல் தொட்டியில் கொட்ட வேண்டும். தொட்டியின் அடியில் ஒரு வாய், வாய்க்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திருகு. இந்தப் பக்கம் திருகினால் தூள் கூடுதலாக விழும், அந்தப் பக்கம் திருகினால் குறைவாக விழும். விழுகிற தூளை மெஷின் அரைக் கிலோ பாக்கெட்டாக ஒட்டி வெளியே தள்ளும். ஷெட்டுக்குள் காலெடுத்து வைக்கிற யாரும் முதலில் தும்முவார்கள், அப்புறம்தான் பேசுவார்கள்.

அந்தத் திருகு கைராசியின் ராஜ்ஜியம். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல், ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள் அவள். வந்த புதிதில் பார்க்கிறவர்கள் எல்லாம் உச்சுக் கொட்டினார்கள். அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு உடம்பெல்லாம் எரியும். அண்ணன் மெஷினை வாங்கிப் போட்டதும் அவள் போய் அதன் முன்னால் நின்றாள், உச்சுக் கொட்டுவது நின்றது. "இவ கைராசிக்குத் தராசே வேண்டாம்" என்று அண்ணன் ஊரெல்லாம் பெருமையடித்து, கடைசியில் அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது. மெஷின் போய்விட்டால் மறுபடியும் அவள் திரும்பி வந்தவள்தான். அண்ணனும் அண்ணியும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் சோறு போடுவார்கள். அந்தச் சொல்லாத சொல்லைத்தான் அவளால் தாங்க முடியாது.

சரக்கை வாங்குகிறவர்கள் பல கிளை வைத்திருக்கும் பெரிய கடைக்காரர்கள். அவர்கள் சார்பில் சோதனைக்கு ஒரு அம்மா உண்டு. லாரிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் கறாரம்மா. ஒவ்வொரு லோடிலிருந்தும் அவர் இருபத்தைந்து பாக்கெட்டை எடுத்துத் தராசில் வைப்பார். சராசரி 500 கிராமுக்குக் கீழே போகக் கூடாது. தனி பாக்கெட் எதுவும் 485க்குக் கீழே போகக் கூடாது. முதல் லோடில் சராசரி 494 வந்தது. "போயிட்டு வாங்க" என்றுவிட்டார்.

இரண்டாவது லோடில்தான் அண்ணன் தன் மூளையைக் காட்டினான். ஏமாற்றுவதற்கும் ஒரு திறமை வேண்டும், அது அண்ணனுக்குக் கிடையாது. கைராசியை உட்காரவைத்து, ஸ்பூனால் தூளை அள்ளிப் போட்டும் எடுத்தும், அச்சடித்த மாதிரி 500 கிராமில் கொஞ்சம் பாக்கெட்டுகள் செய்யவைத்தான். அந்தப் பெட்டிகளை லாரிக் கதவை ஒட்டி முதல் வரிசையில் அடுக்கினான். "அந்தம்மாவுக்கு முட்டி வலி. உள்ளே எல்லாம் ஏற மாட்டாங்க, கதவுகிட்ட இருக்கிறதைத்தான் எடுப்பாங்க" என்று கண்ணடித்தான்.

கறாரம்மா கதவுக்குப் பக்கத்தில் இருந்ததைத்தான் முதலில் எடுத்தார். 500. இன்னொன்று, 500. மூன்றாவதும் 500. அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டான். நான்காவதும் 500 வந்ததும் கறாரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மெஷின்ல ஓடின சரக்கு இப்படி ஒட்டிப் பிறந்த மாதிரி வராதே தம்பி. கூடக் குறைய இருந்தாத்தான் அது நிஜம். ஏணி இருக்கா?" என்று கேட்டார். வலிக்கிற முட்டியோடு லாரிக்குள் ஏறி, நட்ட நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் பெட்டிகளை இழுத்தார். அதோடு முடிந்தது அண்ணனின் மூளை.

திரும்பி வந்த லோடை இறக்கி முடித்ததும் அண்ணி தண்ணீர்ச் சொம்போடு வந்து கைராசியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாக்கெட்டுகளைப் பெட்டியில் அடுக்குவது அண்ணியின் வேலை. அடுக்கி முடித்த நேரத்தில் தபால் வழியில் ஒரு பட்டப்படிப்பு. எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டாள், புள்ளியியலில் மட்டும் இரண்டு தடவை கோட்டை விட்டாள். "அந்தப் பாடத்துக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்" என்பாள்.

"ஏய், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. நீ எந்தப் பாக்கெட்டை எடை போடுற?" என்றாள் அண்ணி.

"இது என்ன கேள்வி? தொட்டியை ரொப்பிட்டு இறங்கி வந்த உடனே, முதல்ல விழற பாக்கெட்டை எடுத்துத் தராசுல வைக்கிறேன். கூடுதலா இருந்தா குறைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் தவறாம பார்க்கிறேன் அண்ணி. ஒரு நாளாவது விட்டிருக்கேனா?"

"அதான்டி வினையே."

கைராசிக்குச் சுருக்கென்றது. "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சும்மாவா சொல்லி வச்சாங்க?"

"பானையில சோறு கொதிச்சு மேலும் கீழும் புரளுது. எந்தப் பருக்கையை எடுத்தாலும் ஒண்ணுதான். உன் தொட்டி கொதிக்குதா? நிறைஞ்சு இருக்கிறப்ப மேல இருக்கிற பாரம் அழுத்தி, தூள் இறுகி விழுது. அடிக்குப் போகப் போக பொலபொலன்னு விழுது. நீ நிறைஞ்ச தொட்டியோட முதல் பாக்கெட்டை மட்டும் விசாரிக்கிற. முதல் பந்தியில உட்கார்ந்தவனைக் கேட்டா, விருந்துன்னா இதுதான்யா விருந்துன்னு ஏப்பம் விடுவான். கடைசிப் பந்தியில வெறும் தட்டைத் தடவிட்டு எழுந்தவனை யாரு கேட்டா?"

"அப்ப என் கைதான் கெடுத்துச்சுங்கறீங்க."

அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொன்ன சொல் சொன்னதுதான். கைராசி சொம்பை வாங்காமலே எழுந்து போனாள்.

அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. கோபம் ஒரு பக்கம், அவமானம் ஒரு பக்கம். படிப்பில் இரண்டு தடவை மண்ணைக் கவ்வியவள் எனக்குப் பாடம் நடத்துகிறாளா என்று மனசுக்குள் வைது தீர்த்தாள். வைது முடித்த பிறகு ஷெட்டுக்குப் போய், வீம்புக்கென்றே மெஷினைப் போட்டு, தொட்டி காலியாகப் போகிற நேரத்தில் விழுந்த பாக்கெட்டுகளைத் தராசில் வைத்தாள். 489. அடுத்தது 487. அதற்கடுத்தது 490. எத்தனையோ நாளாகத் தராசில் வைத்தவள், தொட்டி காலியாகும் நேரத்துப் பாக்கெட் ஒன்றைக்கூட அதுவரை வைத்துப் பார்த்ததில்லை. தன்மேலேயே அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. தராசுக்குப் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். தூளும் கண்ணீரும் சேர்ந்து கன்னத்தில் நுரைத்தது.

மறுநாள் விடிந்ததும் அவளே அண்ணியின் முன்னால் போய் நின்றாள். "சொல்லுங்க. உங்க புஸ்தகம் என்ன செய்யச் சொல்லுது?"

"எல்லாப் பாக்கெட்டுக்கும் தேர்தல்ல ஓட்டு மாதிரி சமவாய்ப்பு குடுன்னு சொல்லுது" என்றாள் அண்ணி. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தால் பரீட்சையில் தேறிவிட்டது மாதிரி இருந்தது.

ஒரு பெட்டிக்கு நாற்பது பாக்கெட். ஒன்று முதல் நாற்பது வரை சீட்டு எழுதி, ஒரு பவுடர் டப்பாவில் போட்டுக் குலுக்கினார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஐந்து சீட்டு எடுக்க வேண்டும், எந்த எண் வருகிறதோ அந்தப் பாக்கெட்டைத்தான் நிறுக்க வேண்டும். சுவரில் கோடு போட்டு 480 முதல் 520 வரை அண்ணி எழுதினாள். தனித் தனிப் பாக்கெட்டின் எடைக்கு நீல சாக்பீஸில் ஒரு புள்ளி. ஐந்தின் சராசரிக்குச் சிவப்பில் ஒரு புள்ளி.

"இது கொஞ்சம் சப்பையா இருக்கு, பக்கத்துல இருக்கிறதை எடுத்துக்கறேனே" என்று கைராசி கை நீட்டினாள்.

அண்ணி புறங்கையில் ஒன்று வைத்தாள். "அழகு பார்த்து எடுக்க இது பொண்ணு பார்க்கிற படலமா? சீட்டுல வந்தது எதுவோ அதை எடு."

அன்றைக்கு முழுக்கத் திருகைத் தொடக் கூடாது என்பது ஒப்பந்தம். கைராசிக்கு அதுதான் பெரும்பாடாக இருந்தது. 509 என்று ஒரு பாக்கெட் வரும், கை தன்னாலே திருகுக்குப் போகும். 486 என்று ஒன்று வரும், மறுபடியும் போகும். கடைசியில் அவள் இரண்டு கையையும் இடுப்புத் துணியில் செருகிக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் சுவரைப் பார்த்தார்கள். நீலப் புள்ளிகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அம்மை போட்ட மாதிரி இறைந்து கிடந்தன. சிவப்புப் புள்ளிகள் அப்படி இல்லை. எல்லாம் ஒரே இடத்தில் கூடி, ஒன்றன் மேல் ஒன்று ஏறி நின்றன. நடுவில் உயரமாகவும் இரண்டு பக்கமும் சரிந்தும் நின்ற அந்தக் கூட்டத்தின் நெஞ்சு எங்கே இருக்கிறதென்று கைராசி விரலை வைத்துப் பார்த்தாள். 494.

"அண்ணி! முதல் லோடுக்குக் கறாரம்மா சொன்ன அதே கணக்கு!"

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பல்லாயிரம் பாக்கெட் ஓடியிருக்கிறது, அத்தனையையும் யாரும் நிறுக்கவில்லை. கறாரம்மா இருபத்தைந்தை எடுத்தார், இவர்கள் ஐந்தைந்தாய் எடுத்தார்கள். இரண்டு பேர் கையும் ஒரே இடத்தைத் தொட்டுவிட்டது.

"தனி ஆளு எப்படி வேணா ஆடறான் அண்ணி, குடிச்சவன் மாதிரி. அஞ்சு பேரு தோள்ல கை போட்டுக்கிட்டு நடந்தா, ஒருத்தன் இந்தப் பக்கம் சாய்ஞ்சா இன்னொருத்தன் அந்தப் பக்கம் இழுக்கறான். மொத்தத்துல தள்ளாட்டம் குறைஞ்சு போகுது. அஞ்சுக்கே இப்படின்னா, இருபத்தஞ்சு பேரு சேர்ந்தா அசையவே மாட்டாங்க போலிருக்கே?"

அண்ணி வாயைப் பிளந்தாள். "அடிப் பாவி! புஸ்தகத்துல மாதிரிப் பரவல்னு மூணு பக்கம் போட்டுக் கொன்னானே, அது இதுதானா? இது தெரியாமயா ரெண்டு தடவை ஃபெயிலானேன்?" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"நான் இத்தனை நாளும் ஒத்தை ஆளைப் பார்த்துட்டு மெஷினையே திருப்பிக்கிட்டு இருந்திருக்கேன். அவன் வலது பக்கம் சாய்ஞ்சா நான் இடது பக்கம் தள்ளினேன். மெஷின் தானா ஆடினது பாதி, நான் ஆட்டினது பாதி." இதைச் சொல்லும்போது கைராசிக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் முந்தின நாள் மாதிரி வலிக்கவில்லை. வியாதி எதுவென்று தெரிந்துவிட்ட தெம்பு அது.

அதற்கு மேல் அவள் தொழில் பேசியது. தொட்டியை நிரப்பிவிட்டு அது காலியாகிறவரை விடுவதால்தானே கனமும் லேசுமாக வருகிறது? பாதிக்குக் கொஞ்சம் மேலேயே எப்போதும் நிற்கிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொட்டினால்? ஏணியில் ஏறி இறங்கிக் கால் கழன்றுவிடும், கழன்றால் கழலட்டும் என்றாள். அப்படி ஓட்டிப் பார்த்ததில் நீலப் புள்ளிகளே பாதி அடங்கிவிட்டன. பிறகு திருகை ஒரு தடவை, யோசித்து, நிதானமாகத் திருப்பினாள். சிவப்புக் கூட்டம் 503இல் போய் உட்கார்ந்தது.

அண்ணன் வந்து பார்த்துவிட்டுக் கத்தினான். "503ஆ? ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மூணு கிராம் தானமா? நாம என்ன வள்ளல் பரம்பரையா?"

"500லயே வச்சா, சராசரி பாதி நாள் 500க்குக் கீழே போகும் அண்ணா. கறாரம்மா எடுக்கிற இருபத்தஞ்சு கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ஞ்சாலும் நாம தப்பிக்கணும். அதுக்குத்தான் இந்த மூணு கிராம்" என்றாள் கைராசி. "நாளைக்கு லோடு ஓட்டி முடிக்கிறவரைக்கும் யாரும் திருகைத் தொடக் கூடாது. நானும்தான். சிவப்புப் புள்ளி கூட்டத்தை விட்டு வெளியே போனா மட்டும்தான் என்னன்னு பார்க்கணும்."

மறுநாள் காலையிலிருந்து மெஷின் ஓடியது. அண்ணி சீட்டு எடுப்பாள், கைராசி நிறுத்துச் சொல்வாள், அண்ணி புள்ளி வைப்பாள். நடுவில் 492 ஒன்று வந்தது. "திருகு, திருகு!" என்று அண்ணன் துள்ளி வந்து கையை நீட்டினான். கைராசி பளாரென்று அந்தக் கையைத் தட்டிவிட்டாள். பிறந்ததிலிருந்து அண்ணனை எதிர்த்து ஒரு பேச்சுப் பேசாதவள். அந்தப் பெட்டியின் சிவப்புப் புள்ளி 502இல் விழுந்தது. அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனான்.

மத்தியானம் சாப்பிட்டு வந்து, மறுபடி உட்கார்ந்தார்கள். முதல் பெட்டியின் சிவப்பு 497. கைராசி புருவத்தைச் சுருக்கினாள். "அடுத்ததைப் பார்ப்போம்" என்றாள். அடுத்த பெட்டி 496. நீலப் புள்ளிகளைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் வழக்கமாக வருகிற எடைகள்தான். சிவப்பு மட்டும் கூட்டத்தை விட்டு, தனியாக வெளியே நின்றது.

அவள் மெஷினை நிறுத்தினாள். தொட்டி சரியாக இருந்தது. வாயில் கட்டி எதுவும் அடைக்கவில்லை. நிமிர்ந்து ஷெட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"யாரு கை வச்சது?"

அண்ணி உதட்டைப் பிதுக்கினாள். வாசலில் அண்ணன் திடீரென்று தன் செருப்பு வாரை மும்முரமாகச் சரிசெய்ய ஆரம்பித்தான்.

"அண்ணா!"

"நீங்க சாப்பிடப் போனப்ப ஒரே ஒரு பாக்கெட்டை வச்சுப் பார்த்தேன், 511 காட்டுச்சும்மா… மனசு கேக்கல. லேசா, தலைமுடி அளவு…" என்று இழுத்தான். பிறகு கண் விரிந்தது. "ஆமா, உனக்கு எப்படித் தெரிஞ்சுது? நான் தொட்டப்ப இங்க ஈ, காக்கா இல்லையே!"

கைராசி சுவரைக் காட்டினாள். அண்ணன் அந்த இரண்டு சிவப்புப் புள்ளிகளின் அருகே போய், மூக்கு உரச நின்று பார்த்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்தான். "அடேங்கப்பா, காட்டிக் குடுத்துடுச்சே!" என்றான். அந்த நிமிஷத்திலிருந்து அவன் அவர்கள் கட்சி. சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு ஓடின பாக்கெட் அத்தனையையும் தானே உட்கார்ந்து கிழித்துத் தொட்டியில் கொட்டினான். தும்மித் தும்மிக் கண் சிவந்துபோனது. "இதுவும் வேணும், இன்னமும் வேணும்" என்று அண்ணி பக்கத்தில் நின்று சிரித்தாள்.

திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, சிவப்பு மறுபடி கூட்டத்தில் சேர்ந்ததைப் பார்த்த பிறகுதான் கைராசி ஓட்டினாள். லோடு முடிந்தது. இந்தத் தடவை கதவை ஒட்டி ஸ்பெஷல் வரிசை எதுவும் இல்லை. வந்தது வந்தபடி அடுக்கினார்கள். லாரியோடு மூன்று பேரும் கடைக்காரர்களின் கிடங்குக்குப் போனார்கள்.

கறாரம்மா ஏணியோடு காத்திருந்தார். கதவைத் திறந்ததும் முன்வரிசையை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே உள்ளே போனார். அடியில் ஒன்று, மூலையில் ஒன்று, நடுவில் ஒன்று என்று பெட்டிகளைக் காட்டிக் காட்டி இறக்கச் சொன்னார். ஒவ்வொன்றிலும் கையை விட்டு, பார்க்காமல் எடுத்தார். இருபத்தைந்து பாக்கெட் மேஜைமேல் ஏறியது. இன்றைக்குத் தவறினால் நாளைக்கு ஷெட்டில் மெஷின் இருக்காது, அந்த இடத்தில் நாலு ஆணித் துளைதான் இருக்கும்.

முதல் பாக்கெட். 493.

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தலையில் கை வைத்துக்கொண்டான். "போச்சு, எல்லாம் போச்சு!"

கைராசி குனிந்து அண்ணன் தோளைப் பிடித்துத் தூக்கினாள். "எழுந்திரு அண்ணா. ஒருத்தன்தான் ஆடினான். இன்னும் இருபத்திநாலு பேரு இருக்காங்க."

கறாரம்மா தலையைத் திருப்பி அவளை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த பாக்கெட்டைத் தராசில் வைத்தார். 506. 501. 510. 498. எண்கள் மேலும் கீழும் ஓடின. அண்ணன் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாமியைக் கூப்பிட்டான். அண்ணி கைராசியின் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்ததில் நகம் பதிந்தது. கடைசிப் பாக்கெட்டையும் நிறுத்துவிட்டுக் கறாரம்மா கால்குலேட்டரை எடுத்தார்.

"503 வரும்மா" என்று கைராசி சொல்லிவிட்டாள். வாயை அடக்க முடியவில்லை. "ஒண்ணு, ஒண்ணரை முன்னப் பின்ன இருக்கலாம். அதுக்கு மேல போகாது."

"அதை நான்ல சொல்லணும்?" என்றார் கறாரம்மா. விரல் பொத்தான்களைத் தட்டியது. தட்டி முடித்ததும் எண்ணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி முதலிலிருந்து ஒரு தடவை தட்டிப் பார்த்தார்.

"502.6. சராசரியும் பாஸ். ஒத்தை பாக்கெட் கூட 485 பக்கம் போகல" என்றார். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு முதல் தடவையாகச் சிரித்தார். "இப்பத்தான் இது மெஷின்ல ஓடின சரக்கு மாதிரி இருக்கு. இறக்கச் சொல்லுங்க. எல்லாக் கிளைக்கும் இனிமே இங்கிருந்தே வரட்டும்னு எழுதிடறேன்."

அண்ணி ஒரு கூச்சல் போட்டாள் பாருங்கள், பக்கத்துக் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். லாரி டிரைவர் பட்டென்று ஹாரனை அடித்துவிட்டு, அடித்ததற்கு வெட்கப்பட்டு ஸ்டியரிங்கைத் துடைத்தார். அண்ணன் ஆனந்தத்தில் எதிரில் வந்த கூலியாளைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கைராசி மட்டும் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இத்தனை வருஷத்துல, நான் கூட்டிப் பார்க்கிறதுக்கு முன்னாடி எனக்கே கணக்குச் சொன்னது நீங்க ஒருத்தர்தான்" என்றார் கறாரம்மா. "இது யாரோட மெஷின்?"

கேள்வி அண்ணனைப் பார்த்துத்தான் வந்தது. அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு தங்கையைக் கை காட்டினான்.

"இவளோடதும்மா."

"அண்ணா, என்ன பேசுற?"

"வாயை மூடு. என் கையைத் தட்டிவிட்டே பாரு, அப்பவே அது உன்னோடதாயிடுச்சு. தொட்டா அடிக்கிறவளுக்குத்தானே அது சொந்தம்? கேட்டுக்கிட்டு அலையறாரே அந்த ஆளு, அவருக்கு நான் இன்னைக்கே சொல்லிடறேன், வேற வாசலைப் பாருங்கன்னு."

கைராசி அண்ணியைப் பார்த்தாள். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சொல்லேன்டி, அந்தம்மா கேக்கறாங்கல்ல?" என்று இடித்தாள்.

கைராசி கன்னத்தை ஒரு தடவை அழுந்தத் துடைத்தாள். பிறகு நிமிர்ந்து, அந்த வாசலில் கூடியிருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "என்னோட மெஷின்தாம்மா. அடுத்த லோடு எப்ப வேணும்?" என்றாள்.